மாநகரின் ஒளியும் மறைந்த விண்மீன்களும்

(புது தில்லியில் கல்லூரி மாணவர்களும் பயிற்சிநிலை அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வானியல் மன்றத்தின் கூட்டத்தில் பேசுமாறு என்னை அழைத்தபோது முதலில் தயங்கினேன். நான் பொருளாதாரம் பயின்றவன். ஏறத்தாழ முப்பதாண்டுகளாகக் கோப்புகளோடும் திட்ட மதிப்பீடுகளோடும் பழகியவன். விண்மீன்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவை மொட்டைமாடியில் நின்று பார்த்தவையே. என் தயக்கத்தைக் கேட்ட உங்கள் மன்றச் செயலாளர், "தில்லியில் விண்மீன் தெரியாததற்குக் காரணம் வானத்தில் இல்லை, உங்களைப் போன்றவர்கள் கையெழுத்திட்ட கோப்புகளில் இருக்கிறது" என்றார். அதன்பின் மறுக்க இயலவில்லை.

1990களின் தொடக்கத்தில் நான் தில்லிக்கு மாற்றலாகி வந்தேன். ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு. ஊரை விட்டு வந்தவனுக்கு வானமாவது பழகியதாக இருக்கும் என்றெண்ணி மாடிக்குச் சென்றேன். அதுவும் சற்று இடம் மாறித்தான் இருந்தது. சென்னையில் அடிவானிலிருந்து 13 பாகை உயரத்தில் நிற்கும் துருவமீன், தில்லியில் 28 பாகைக்கு மேல் ஏறி நிற்கிறது. அதற்கு ஈடாகத் தென்வானம் தாழ்ந்துவிடுகிறது. இரவு வானின் விண்மீன்களில் சிரியசுக்கு அடுத்தபடி ஒளி மிக்கது கனோப்பஸ். நம் நாட்டு மரபில் அதற்கு அகத்தியர் என்று பெயர். சென்னையில் அது உச்சத்தில் 24 பாகை உயரம் வரை எழும். தில்லியில் ஒன்பது பாகைக்கும் குறைவே. விந்தியத்தைப் பணியவைத்துவிட்டுத் தெற்கே சென்று தங்கிய முனிவரின் கதை எவ்வாறு பிறந்தது என்பதை, வடநாட்டு மாடியில் நின்று அந்த விண்மீனைத் தேடுபவன் எளிதில் ஊகித்துக்கொள்வான்.

பிப்ரவரி நடுவில், இரவு ஒன்பது மணியளவில், காற்று வீசித் தூசி விலகிய நாட்களில், தென்புறக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தால் அகத்தியர் தென்படுவார். என் மகளுக்கு ஐந்து வயதானபோது அவரைக் காட்டினேன். கடந்த பத்தாண்டுகளில் ஒருமுறை கூட அவரைத் தில்லியிலிருந்து நான் பார்க்கவில்லை. தெற்கே பரீதாபாதும் தென்மேற்கே குருகிராமும் எழுப்பும் செவ்வெண்மை ஒளிமூட்டம் ஒன்பது பாகைக்கும் மேலே நிற்கிறது. வானின் இரண்டாவது பெரிய விளக்கு நம் தெருவிளக்குகளிடம் தோற்றுப்போயிற்று.

எத்தனை விண்மீன்கள் எஞ்சின?

விண்மீன்களை ஒளியைக் கொண்டு தரம் பிரிப்பார்கள். நம் அலுவலகப் பணித்தரங்களைப் போலவே இதிலும் எண் கூடக் கூட மதிப்புக் குறையும். இருண்ட, தெளிந்த வானில் சாதாரணக் கண்ணுக்கு ஆறாம் தரம் வரை புலப்படும். ஆறாம் தரம் வரையில் வான்கோளம் முழுவதிலும் சுமார் 5,000 விண்மீன்கள் உள்ளன. ஒரே வேளையில் அடிவானுக்கு மேலிருப்பவை அவற்றில் ஏறத்தாழப் பாதி. பார்வை நான்காம் தரத்தோடு நின்றுவிட்டால் மொத்தம் சுமார் 500 மட்டுமே. மூன்றாம் தரத்தோடு நின்றால் சுமார் 170. இரண்டாம் தரத்தோடு நின்றால் ஐம்பதை எட்டுவதே அரிது. அதிலும் பாதி நம் காலடிக்குக் கீழே இருக்கும். தில்லியின் நடுப்பகுதியில் மங்கலான குளிர்கால இரவொன்றில் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கணக்குச் சரியாக வரும்.

இது வெறும் எண்ணிக்கை அன்று. எழுமீன் கூட்டத்தில் வசிஷ்டருக்கு அருகே இருக்கும் அருந்ததி நான்காம் தரத்தைச் சேர்ந்தது. பகல் முகூர்த்தத்தில் புரோகிதர் அருந்ததி பார்க்கச் சொல்வதை நாம் சிரித்துக்கொண்டே ஏற்கிறோம். ஏப்ரல் மாதத்தில் இரவு முகூர்த்தம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். எழுமீன் வடவானில் உயர்ந்து நிற்கும் காலம். பந்தலைச் சுற்றி ஒளிவெள்ள விளக்குகள். புரோகிதர் கைகாட்டிய திசையில் வசிஷ்டரே மங்கலாகத்தான் தெரிந்தார், அருந்ததியைக் காணோம். மணமக்கள் தலையசைத்தார்கள். இரவே பகலாகிவிட்ட பிறகு பகல் முகூர்த்தக்காரரைக் குறைகூறி என்ன பயன்?

2023 ஜனவரியில் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். 2011 முதல் 2022 வரை, தம் வீட்டிலிருந்து எந்த மங்கலான விண்மீன் வரை தெரிகிறது என்று பொதுமக்கள் அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தபோது, இரவு வானின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூடிவந்திருப்பதாகத் தெரிந்தது. பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவை. ஆகவே அந்த எண்ணை அப்படியே தில்லிக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் கூட்டுவட்டி தெரிந்தவர்கள் அதன் பொருளை உணர்வார்கள்: எட்டாண்டுகளுக்குள் இருமடங்கு. செயற்கைக்கோள் கணிப்புகள் இவ்வளவு வேகத்தைக் காட்டவில்லை. புதிய வெண்விளக்குகளில் மிகுந்துள்ள நீல ஒளியை அந்தக் கருவிகளின் கண் பார்ப்பதில்லை என்பது அதற்கொரு காரணம்.

ஒளி எவ்வாறு வானை மூடுகிறது? விளக்கிலிருந்து மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் சிந்தும் ஒளி, காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் புகையிலும் பட்டுச் சிதறித் திரும்புகிறது. அந்தத் திரையின் வெளிச்சம் விண்மீனின் வெளிச்சத்தை மிஞ்சும்போது விண்மீன் மறைகிறது. நேர் மேலே செல்லும் ஒளியைவிட அடிவானத்தை ஒட்டிக் கிடையாகச் செல்லும் ஒளியே அதிகத் தீங்கு செய்கிறது. காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு பயணம் செய்வது அதுதான். நீல ஒளி மஞ்சள் ஒளியைவிட மிகுதியாகச் சிதறும். பகல் வானம் நீலமாயிருப்பதும் இதே விதியால்தான். தில்லியின் குளிர்காலத் தூசிமூட்டம் இவையனைத்துக்கும் துணைபோகிறது. நகரிலிருந்து விலகிச் செல்வோர்க்கு ஆறுதலான ஒரு விதியும் உண்டு. தொலைவு இருமடங்கானால் நகர ஒளிமூட்டம் பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஓடிய வானாய்வு நிலையங்கள்

மாநகருக்கு அருகில் நின்று வானைப் பார்ப்பது தில்லிக்குப் புதிதன்று. 1724-ஆம் ஆண்டையொட்டி சவாய் ஜெய்சிங் மன்னர் ஜந்தர் மந்தரை எழுப்பியபோது அது ஷாஜகானாபாத் மதிலுக்கு வெளியே, திறந்த நிலத்தில் இருந்தது. இன்று அதனைச் சூழ்ந்து உயர்ந்த கட்டடங்கள். மன்னர் கட்டிய கற்கருவிகள் அப்படியே நிற்கின்றன. அவை பார்க்க வேண்டிய வானத்தில்தான் இடமில்லை.

ஐதராபாத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. 1901-ஆம் ஆண்டில் நவாப் ஜாபர் ஜங் என்பார் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்தார். அதிலிருந்து தோன்றிய நிஜாமியா வானாய்வு நிலையம் சில ஆண்டுகளில் பேகம்பேட்டையில் நிலைபெற்றது. உலக நாடுகள் கூடி விண்மீன் பட்டியல் தயாரித்த பெருமுயற்சியில் அந்நிலையம் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடத்தை அளந்து கொடுத்தது. நகரம் வளர்ந்து நிலையத்தைச் சூழ்ந்தது. 1968-இல் நிறுவப்பட்ட 48 அங்குலத் தொலைநோக்கிக்கு நகரத்துக்கு வெளியே, ஜாபால், ரங்காபுரம் கிராமங்களுக்கருகே இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

உத்தரப் பிரதேச அரசின் வானாய்வு நிலையம் 1954-இல் வாராணசியில் தொடங்கி, அடுத்த ஆண்டே நைனிதாலுக்குப் போய், 1961-இல் மனோரா சிகரத்துக்கு ஏறியது. அங்கிருந்தும் விலகி, தேவஸ்தல் மலையில் 3.6 மீட்டர் தொலைநோக்கி 2016-இல் திறந்துவைக்கப்பட்டது. காவலூரைப் பற்றி உங்களில் தமிழ் மாணவர்கள் அறிந்திருப்பீர்கள். 1960களில் வைணு பாப்பு இடம் தேடி அலைந்து சவ்வாது மலைக் காட்டைத் தேர்ந்ததற்கு அதன் இருளும் ஒரு காரணம்.

நிலையங்கள் ஓடலாம், அவற்றுக்கு நிதி ஒதுக்கீடு உண்டு. யமுனைக்குக் கிழக்கே இரண்டு அறை வீட்டில் வசிக்கும் பள்ளிச் சிறுவன் எங்கே ஓடுவான்? எனக்கு இந்தப் பொருளில் உள்ள அக்கறையெல்லாம் இந்த ஒரு வினாவில் அடங்கும். என் தலைமுறை எந்தச் செலவுமின்றிப் பெற்ற ஒன்றை அவன் இப்போது வாடகைக் காரும் விடுதி அறையும் கொடுத்து வாங்க வேண்டும். இதில் எங்கள் துறைக்கேயுரிய விந்தை ஒன்றும் உண்டு. வானம் இலவசமாகத் தெரிந்தவரை அது நாட்டு வருமானக் கணக்கில் ஒரு காசும் சேரவில்லை. அதை மறைத்துவிட்டு, பார்ப்பதற்கு இருநூறு கிலோமீட்டர் அழைத்துச் சென்றால் போக்குவரத்துச் செலவும் விடுதிக் கட்டணமும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறுகின்றன. இழப்பு வளர்ச்சியாகப் பதிவாகிறது.

பிகுவின் வாசல் விளக்கு

பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் பிகு என்ற பேராசிரியரின் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஒருவர் செய்யும் செயலின் நன்மையோ தீமையோ விலை கொடுக்காத மற்றவர்மேல் விழுவதைப் புறவிளைவு என்கிறோம். 1920-இல் வெளிவந்த தம் நூலில், பிறருக்கு நன்மை தரும் புறவிளைவுக்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, வீட்டு வாசலில் ஒருவர் மாட்டும் விளக்கு. வீட்டுக்காரர் தமக்காக மாட்டுகிறார். தெருவில் போவோர் காசு கொடுக்காமல் வெளிச்சம் பெறுகிறார்கள். கலங்கரை விளக்கம் பொதுப் பண்டத்துக்கு எடுத்துக்காட்டாக வழங்குவதும் நீங்கள் அறிந்ததே. எங்கள் பாடநூல்களில் ஒளி எப்போதும் நன்மையின் பக்கமே நின்றது. அதே வாசல் விளக்கு இன்று பத்து மடங்கு ஒளியோடு எதிர்வீட்டுப் படுக்கையறையிலும் மேலே வானத்திலும் விழுகிறது. அதனால் இழப்பவர்க்கும் யாரும் ஈடு கொடுப்பதில்லை. இருளும் ஒரு பொதுப் பண்டமாக இருக்கக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. அதை நான் இகழ மாட்டேன். மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் எட்டியது 2018 ஏப்ரல் 28 அன்று. நாட்டின் கிராமங்கள் அனைத்தும் மின்தொடர்பு பெற்றுவிட்டன என்று அன்றுதான் அறிவிக்க முடிந்தது. விளக்கில்லாத வீட்டில் படித்தவர்கள் வெளிச்சத்தை வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. நான் கேட்பது, தெருவுக்கென்று வாங்கிய ஒளி தெருவில் விழுகிறதா என்பதே.

2015 ஜனவரியில் தெருவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றும் தேசியத் திட்டம் தொடங்கியது. பத்தாண்டுகளில் 1.3 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் பொருத்தப்பட்டன. மின் சிக்கனத்தில் அது பெரிய சாதனை, அதில் ஐயமில்லை. எல்.இ.டி. விளக்கு, பழைய சோடியம் விளக்கைப் போலன்றி, ஒளியை வேண்டிய திசையில் மட்டும் செலுத்தத் தக்கது. கணினியால் நள்ளிரவுக்குப் பின் மங்கச் செய்யவும் தக்கது. வானத்தை மீட்பதற்கு இதைவிட ஏற்ற கருவி இருந்ததில்லை. ஆனால் ஒளி மலிவானதும் நாம் என்ன செய்தோம்? நீராவி இயந்திரம் சிக்கனமானபோது நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியதை ஜெவன்ஸ் 1865-இலேயே எடுத்துக்காட்டினார். அதே கதைதான். ஒரு விளக்கின் செலவில் இரண்டு எரியலாம் என்றதும் இரண்டு எரித்தோம். பாலத்துக்கு அலங்கார விளக்கு, மரத்துக்குச் சுற்றுவிளக்கு, விளம்பரப் பலகைக்குக் கீழிருந்து மேல்நோக்கிய விளக்கு. வண்ணமும் நீலம் மிகுந்த வெண்மையாயிற்று.

முன்னேற்ற அறிக்கையில் நாங்கள் எழுதுவது, எத்தனை விளக்குகள் பொருத்தப்பட்டன என்பது. எவ்வளவு ஒளி எங்கே விழுந்தது என்பதற்குப் பத்தி இல்லை. தெரு விளக்கமைப்புக்கு இந்தியத் தரநிலை 1944 என்ற விதித்தொகுப்பு நெடுங்காலமாக இருக்கிறது. 1944 என்பது ஆண்டன்று, வரிசை எண். இதை நான் சொல்வதற்குக் காரணம், ஒரு கூட்டத்தில் அதனைச் சுதந்திரத்துக்கு முந்தைய விதி என்று ஓர் உயர் அலுவலர் ஒதுக்கியதைக் கேட்டிருக்கிறேன். பக்கவாட்டில் கூசும் ஒளியைத் தடுக்கும் விளக்குக் கூண்டுகளைப் பற்றியும் அது பேசுகிறது. சட்டத்தின் நிலையும் எண்ணத்தக்கது. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987-இல் இரைச்சலையும் மாசு என்று சேர்த்தோம். ஒளியைச் சேர்க்கவில்லை.

எங்கள் தெரு விளக்கு

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. நாங்கள் இப்போது வசிக்கும் குடியிருப்பில் மெட்ரோ நிலையத்திலிருந்து வரும் வழியில் ஒரு திருப்பம். அங்கே விளக்கில்லை. 2012 டிசம்பருக்குப் பிறகு இந்நகரில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருண்ட திருப்பத்தை எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2019-இல் என் மகள் வேலையில் சேர்ந்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பத் தொடங்கினாள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் மனுவை எழுதியவன் நானே. மனு எழுதுவது என் தொழிலாதலால் விரைவில் பலன் கிடைத்தது. 200 வாட் ஒளிவெள்ள விளக்கொன்றைக் கம்பத்தில் மாட்டினார்கள். சங்கத்தில் இனிப்பு வழங்கினோம்.

ஒரு வாரம் கழித்து என் மகள் கேட்டாள்: "அப்பா, இந்த விளக்கை யாருக்காகப் போட்டார்கள்? எனக்கு இதற்கு முன்னால் மரத்தடியில் யாராவது நின்றால் நிழலாவது தெரியும். இப்போது கண் கூசி ஒன்றுமே தெரியவில்லை. அங்கே நிற்பவனுக்குத்தான் நான் நன்றாகத் தெரிகிறேன்."

அன்றிரவே போய் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரி. விளக்கைக் கிடையாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். ஒளியில் பெரும்பகுதி எதிர்மாடியின் மூன்றாம் தளச் சுவரிலும் அதற்கு மேலும் போய்க்கொண்டிருந்தது. கூசும் விளக்கைப் பார்த்த கண்ணின் பாவை சுருங்கிவிடுவதால், அதற்கப்பாலுள்ள நிழல் முன்னிலும் இருளாகத் தோன்றியது. பாதுகாப்புக்கென்று கேட்டு வாங்கிய ஒளி பாதுகாப்பைக் கெடுத்தது. போகிற போக்கில் வானத்தையும் கெடுத்தது. இரண்டும் ஒரே தவறு என்பதை அந்தக் கம்பத்தடியில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, மேலே மூடியிட்டு, வாட்டைக் குறைத்துத் தருமாறு இன்னொரு மனு கொடுத்தேன். அதைப் படித்த இளநிலைப் பொறியாளர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "சார், இருபது வருஷ சர்வீசில் வெளிச்சம் போதவில்லை என்று நூற்றுக்கணக்கான புகார் வாங்கியிருக்கிறேன். அதிகம் என்று எழுதிக் கொடுத்த முதல் ஆள் நீங்கள்தான். இதை எந்தத் தலைப்பில் பதிவது என்றே தெரியவில்லை" என்றார். அவரைக் குறைசொல்ல மனமில்லை. கூட்டினால் புகார் வராது, குறைத்தால் வரும் என்றால் எந்த அலுவலரும் கூட்டவே செய்வார். கடைசியில் 'பழுது' என்ற தலைப்பில் பதிந்தார்.

ஐந்து மாதம் ஆயிற்று. மூடியுடன் கூடிய 70 வாட் விளக்குகளாக, திருப்பத்தின் இருபுறமும் ஒவ்வொன்று. தெரு முழுவதும் ஒரே சீராக ஒளி விழுகிறது, மரத்தடியும் தெரிகிறது. இரண்டும் சேர்ந்து 140 வாட். முன்னதைவிட 60 வாட் குறைவு. தெருவிளக்கு ஆண்டுக்குச் சுமார் 4,000 மணி நேரம் எரியும். 60 வாட் என்பது ஆண்டுக்கு 240 யூனிட். ஒரு திருப்பத்தில் இது சிறிய தொகையே. நகரத்திலுள்ள திருப்பங்களை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். என் மாடியிலிருந்து அகத்தியர் தெரிந்தாரா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. ஒரு விளக்கைத் திருப்பினால் மாநகரின் ஒளிமூட்டம் அசையாது. ஆனால் நேராகக் கண்ணில் குத்திய ஒளி நின்றதும், வேட்டைக்காரன் மண்டலத்தின் நான்கு மூலைக்குள்ளே இடைவாரின் மூன்று மீன்களுக்குக் கீழே, வாள் போலத் தொங்கும் மங்கலான மீன்கள் தெரியத் தொடங்கின. அவற்றை அந்த மாடியிலிருந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இருளால் வாழும் ஊர்

லடாக்கின் ஹான்லேயில் நடந்திருப்பதை அலுவலர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 4,500 மீட்டர் உயரத்தில் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்குகிறது. பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியே அதனை இயக்குகிறார்கள். அந்நிலையத்தைச் சுற்றிய 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் வீடுகளுக்குத் திரை, விளக்குகளுக்கு மூடி, வண்டிகளின் முகப்பு விளக்குக்குக் கட்டுப்பாடு ஆகியவை அங்கு நடைமுறைக்கு வந்தன. ஊர்மக்களில் இருபதுக்கு மேற்பட்டோருக்கு வானியல் பயிற்சியும் தொலைநோக்கிகளும் கொடுத்தார்கள். வருவோர்க்கு வானைக் காட்டியும் வீட்டில் தங்கவைத்தும் அவர்கள் வருவாய் ஈட்டுகிறார்கள். இருளைக் காப்பது அங்கே வயிற்றோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பெஞ்சு புலிகள் காப்பகமும் இருள்வான் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது.

இவை போற்றத்தக்கவை. எனினும் இருளைக் காட்சிச்சாலை விலங்கைப் போலத் தொலைதூர வேலிக்குள் காப்பதோடு நின்றுவிடக்கூடாது என்பது என் கருத்து. தில்லிக்கு ஹான்லேயின் வானம் வராது. மூன்றாம் தரத்திலிருந்து நான்காம் தரத்துக்குத் தில்லி முன்னேறலாம். அது 170-ஐ 500 ஆக்குவது. அருந்ததி திரும்பி வருவது. அதற்கு வேண்டுவன மூடி, கோணம், நள்ளிரவுக்குப் பின் மங்கல், மஞ்சள் சார்ந்த வண்ணம். காற்று மாசுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. யமுனையைத் தூய்மைப்படுத்த எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று நான் சொல்லத் துணியேன். ஒளி மாசோ விளக்கைத் திருப்பிய அக்கணமே விலகிவிடும். பயிற்சிநிலை அலுவலர்கள் நாளை நகராட்சிகளின் ஒப்பந்தப் புள்ளிகளைப் பார்க்கப் போகிறவர்கள். கிடைக்கோட்டுக்கு மேல் ஒளி விடாத கூண்டு என்று நிபந்தனைப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

மாணவர்களுக்குச் சில சொற்கள். நகரத்தில் வானம் முற்றும் போய்விடவில்லை. நிலவும் கோள்களும் ஒளி மாசைப் பொருட்படுத்துவதில்லை. சாதாரணப் பைனாகுலரில் வியாழனின் துணைக்கோள்களைக் காணலாம். சிறு தொலைநோக்கியில் சனியின் வளையம் சாந்தினி சௌக்கிலிருந்தும் தெரியும். தெரியாதவை பரந்து மங்கியவை: பால்வீதி, ஆண்ட்ரோமீடா போன்ற அண்டங்கள். அவற்றுக்கு ஊரை விட்டுத்தான் போக வேண்டும். மழை பெய்து ஓய்ந்த இரவைத் தவற விடாதீர்கள், தூசி கழுவப்பட்டிருக்கும். நள்ளிரவுக்குப் பின் பாருங்கள். கடை விளக்குகள் அணைந்திருக்கும். நேர் விளக்கு கண்ணில் படாத மூலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு கரிய போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு பார்க்கும் முதியவர்களை நான் அறிவேன். பார்த்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை எண்ண முடிந்தது என்று ஒவ்வொரு குளிர்காலமும் ஒரே மாடியிலிருந்து எழுதிவந்தால், பத்தாண்டில் அது எந்த அலுவலகத்திலும் இல்லாத புள்ளிவிவரமாகும். 'பழுது' என்ற தலைப்பில் அடங்காத புகாருக்கு அது சான்றாகவும் அமையும்.

இப்போது மணி ஏழேகால். கல்லூரி முதல்வர் விளையாட்டு மைதானத்தின் நான்கு உயர்கோபுர விளக்குகளையும் எட்டு மணி முதல் ஒன்பதே கால் வரை அணைத்து வைக்க இசைந்திருக்கிறார். காவலர் படிக்கட்டருகே நிற்பார். நடைபாதையின் சிறு விளக்குகள் எரியும். அனைவரும் எட்டு மணிக்குள் மைதானத்தின் வடகோடிக்கு வந்துவிடுங்கள். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை கைபேசியைப் பையில் வைத்திருங்கள். வேட்டைக்காரன் அப்போது தெற்கே உயர்ந்து நிற்பான். அவனுக்குக் கீழே சிரியஸ். ஒன்பது மணிக்குச் சிரியசிலிருந்து நேர் கீழே, மரங்களுக்கு மேல், அடிவானத்தை ஒட்டிப் பாருங்கள். இன்று மாலை முதல் காற்று வீசிக்கொண்டிருக்கிறது.